அமெரிக்கக் கொண்டாட்டங்களில் துப்பாக்கிச் சூடுகளும் மக்கள் எதிர்வினைகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விடுதலை நாள் அணிவகுப்பு, ஊர்த் திருவிழா, தெரு விருந்து, விளையாட்டு வெற்றி விழா போன்ற பொதுக் கொண்டாட்டங்களில் பலமுறை துப்பாக்கிச் சூடுகள் நடந்துள்ளன. ஊர் மக்கள் குடும்பத்தோடும் குழந்தைகளோடும் கூடும் இடங்களில் நடப்பதால், இவை ஏற்படுத்தும் அதிர்ச்சி இறந்தோரின் எண்ணிக்கையால் மட்டும் அளக்க முடியாதது. கலிபோர்னியாவின் கில்ராய் (2019), இலினொயின் ஹைலண்ட் பார்க் (2022), மேரிலாந்தின் பால்டிமோர் (2023), மிசூரியின் கான்சஸ் சிட்டி (2024) ஆகிய நான்கு ஊர்களின் நிகழ்வுகளையும், அவற்றுக்குப் பின் மக்களும் அரசுகளும் செய்தவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இந்த நான்கு ஊர்களிலும் துயரம் ஏறத்தாழ ஒரே விதமாக வெளிப்பட்டது. மெழுகுவர்த்தி ஏந்தினர், மலர் வைத்தனர், நிதி திரட்டினர், வழிபாட்டுக் கூட்டங்கள் நடத்தினர். ஆனால் அந்தத் துயரம் சட்டமாக மாறியதா என்பதில் ஊருக்கு ஊர் பெரும் வேறுபாடு உண்டு. துப்பாக்கி பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் நகரம், மாநிலம், நடுவண் அரசு ஆகியவற்றில் யாரிடம் இருந்தது என்பதே இவ்வேறுபாட்டுக்கு முதன்மையான காரணம்.

பின்னணி

1791 இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் குறிப்பிடுகிறது. இது தனிமனிதரின் உரிமை என்று 2008 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. 2010 இல் வந்த மற்றொரு தீர்ப்பு, மாநிலங்களும் நகரங்களும் கூட இவ்வுரிமைக்குக் கட்டுப்பட்டவை என்றது. 2022 சூன் 23 அன்று வெளியான மூன்றாவது தீர்ப்பு, துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் எதுவாயினும் அது நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்ற புதிய அளவுகோலை வகுத்தது.

நடுவண் அரசு 1994 இல் தாக்குதல் வகைத் துப்பாக்கிகள் சிலவற்றுக்குப் பத்தாண்டுத் தடை விதித்தது. 2004 இல் அத்தடை காலாவதியானது, புதுப்பிக்கப்படவில்லை. அதன்பின் இப்பொருளில் சட்டம் செய்வது பெரும்பாலும் மாநிலங்களின் கையில் விடப்பட்டது. இதனால் ஒரு மாநிலத்தில் விற்கத் தடையுள்ள துப்பாக்கியை அடுத்த மாநிலத்தில் கடையில் வாங்கலாம் என்ற நிலை உருவாயிற்று.

கொண்டாட்டங்களில் நடந்த சூடுகளில் மிகப் பெரியது 2017 அக்டோபர் 1 அன்று நெவாடாவின் லாஸ் வேகாசில் நடந்த இசை விழாவில் நிகழ்ந்தது. அன்றும் அதற்குப் பின் காயங்களாலும் 60 பேர் இறந்தனர். கொலையாளி 'பம்ப் ஸ்டாக்' என்னும் இணைப்புக் கருவியைப் பயன்படுத்தி, அரைத் தானியங்கித் துப்பாக்கியை இயந்திரத் துப்பாக்கியின் வேகத்தில் இயக்கினான். மக்களின் சினம் கட்சி வேறுபாடின்றி எழுந்ததால், நடுவண் அரசு 2018 இறுதியில் விதிமுறை வழியாக அக்கருவியைத் தடை செய்தது. ஆனால் அத்தடை நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்துக்கு அப்பாற்பட்டது என்று 2024 சூன் மாதம் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. மக்கள் கோரிப் பெற்ற ஒரு கட்டுப்பாடு நீதிமன்றத்தில் நிலைக்காமல் போவதும் நடக்கும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

கில்ராய் பூண்டுத் திருவிழா, 2019

கில்ராய், சான் ஹோசே நகருக்குத் தெற்கே உள்ள வேளாண்மைச் சிற்றூர். தன்னை உலகின் பூண்டுத் தலைநகரம் என்று பெருமையோடு கூறிக்கொள்ளும் ஊர் அது. 1979 முதல் ஆண்டுதோறும் சூலை இறுதியில் இங்கு பூண்டுத் திருவிழா நடந்து வந்தது. ஊர்த் தன்னார்வலர்கள் சமைத்து, விற்று, வரும் பணத்தை உள்ளூர்ப் பள்ளிகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் பகிர்ந்தளிப்பது வழக்கம்.

2019 சூலை 28, ஞாயிற்றுக்கிழமை, விழாவின் கடைசி நாள். மாலையில் 19 வயது இளைஞன் ஒருவன் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் மூவர் இறந்தனர். அவர்களில் ஒருவர் 6 வயதுச் சிறுவன், மற்றொருவர் 13 வயதுச் சிறுமி. 17 பேர் காயமடைந்தனர். காவலர்கள் ஒரு நிமிடத்துக்குள் எதிர்கொண்டதும் கொலையாளி தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்தான். விழா வாயில்களில் உலோகம் கண்டறியும் சோதனையும் பை சோதனையும் இருந்தன. அவன் வாயில் வழியாக வரவில்லை; ஓடையை ஒட்டிய வேலியை வெட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

மக்களின் கோபம் துப்பாக்கி வந்த வழியின் மீது திரும்பியது. அது சூடு நடப்பதற்கு மூன்று வாரங்களுக்கும் குறைவான காலத்துக்கு முன்பு, அண்டை மாநிலமான நெவாடாவில் சட்டப்படி வாங்கப்பட்டது. கலிபோர்னியாவில் அவ்வகைத் துப்பாக்கியை விற்கத் தடை உண்டு. அந்த வயதினருக்கு நீள் துப்பாக்கி விற்பதற்கும் கலிபோர்னியா கட்டுப்பாடு விதித்திருந்தது. நாட்டிலேயே கடுமையான துப்பாக்கிச் சட்டங்களைக் கொண்ட மாநிலங்களில் ஒன்றாக இருந்தும், எல்லைக்கு அப்பால் விற்கப்பட்டதை அதனால் தடுக்க முடியவில்லை. எனவே நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்ற கோரிக்கையைக் கலிபோர்னிய அரசியலாளர்கள் மீண்டும் எழுப்பினர்.

ஆனால் ஒரு வாரத்துக்குள், ஆகஸ்ட் 3 அன்று டெக்சாசின் எல் பாசோவிலும் ஆகஸ்ட் 4 அன்று ஒகையோவின் டேட்டனிலும் பெரும் துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. நாட்டின் கவனம் அங்கே சென்றுவிட்டது. கில்ராய் மக்கள் தம் ஊரின் பெயரோடு 'உறுதி' என்ற சொல்லைச் சேர்த்துப் பதாகைகளில் எழுதி வைத்து, தமக்குத் தாமே ஆறுதல் தேடிக்கொண்டனர்.

ஹைலண்ட் பார்க் விடுதலை நாள் அணிவகுப்பு, 2022

ஹைலண்ட் பார்க், சிகாகோவுக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்த ஊர். சுமார் 30,000 பேர் வசிக்கின்றனர். 2022 சூலை 4 அன்று காலை 10 மணிக்கு அங்கு விடுதலை நாள் அணிவகுப்பு தொடங்கியது. சாலையோரம் மடக்கு நாற்காலிகளும் குழந்தை வண்டிகளும் நிறைந்திருந்தன. 10:14 மணியளவில் கடைத்தெருக் கட்டடம் ஒன்றின் கூரையிலிருந்து 21 வயது இளைஞன் சுடத் தொடங்கினான். அவன் 83 தோட்டாக்களைச் சுட்டான். 7 பேர் இறந்தனர். 48 பேர் காயமடைந்தனர். இறந்தவர்களில் மூத்தவருக்கு வயது 88. பெண் வேடமிட்டுக் கூட்டத்தோடு கலந்து தப்பிய அவன் அன்று மாலையே பிடிபட்டான்.

உடனடி எதிர்வினை

மக்கள் விட்டு ஓடிய நாற்காலிகளும் பைகளும் மிதிவண்டிகளும் நாள் முழுவதும் தெருவில் கிடந்தன. அப்படங்களே இந்நிகழ்வின் அடையாளமாக உலகெங்கும் பரவின. சுற்றியிருந்த பல ஊர்கள் அன்றைய அணிவகுப்புகளையும் வாணவேடிக்கைகளையும் நிறுத்தின. மறுநாள் துணைக் குடியரசுத் தலைவர் கமலா ஹாரிஸ் அவ்வூருக்கு வந்தார். பெற்றோர் இருவரையும் இழந்த ஒரு குழந்தைக்காக மட்டும் சில நாட்களில் 20 இலட்சம் டாலருக்கும் மேல் நன்கொடை சேர்ந்தது.

அடுத்த வாரமே அப்பகுதித் தாய்மார்கள் சேர்ந்து தொடங்கிய 'மார்ச் ஃபோர்த்' என்னும் அமைப்பு வாசிங்டனில் பேரணி நடத்தியது. பேரணியில் வந்தவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களுக்குச் சென்று, தாக்குதல் வகைத் துப்பாக்கிகளுக்கு நாடு தழுவிய தடை கோரினர். ஊரின் மேயர் நான்சி ராட்டரிங் சூலை 20 அன்று செனட் குழுவின் முன் தோன்றிச் சான்றளித்தார். சூலை 29 அன்று கீழவை 217–213 என்ற வாக்குகளில் தடை மசோதாவை நிறைவேற்றியது. செனட்டில் அது சட்டமாகவில்லை. சூடு நடப்பதற்கு ஒன்பது நாட்கள் முன்பு, சூன் 25 அன்று, நடுவண் அரசு துப்பாக்கிப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியிருந்தது. டெக்சாசின் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டதன் விளைவு அது. அச்சட்டத்திலும் துப்பாக்கி வகைகளுக்குத் தடை எதுவும் இல்லை.

ஊரின் சட்டமும் அதன் எல்லையும்

ஹைலண்ட் பார்க் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்குப் புதிய ஊர் அன்று. 2013 ஆம் ஆண்டிலேயே தாக்குதல் வகைத் துப்பாக்கிகளையும் 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசின்களையும் தன் எல்லைக்குள் தடை செய்த ஊர் அது. அவ்வாண்டு இலினொய் இயற்றிய சட்டம், இத்தகைய தடைகளைச் செய்துகொள்ள உள்ளாட்சிகளுக்கு மிகக் குறுகிய காலமே கொடுத்தது. அதன்பின் அவ்வதிகாரத்தை மாநிலமே எடுத்துக்கொண்டது. அந்தச் சிறு இடைவெளியில் தடை செய்துகொண்ட சில ஊர்களுள் ஹைலண்ட் பார்க்கும் ஒன்று.

இத்தடையை எதிர்த்து ஊர்வாசி ஒருவரும் மாநிலத் துப்பாக்கி உரிமைச் சங்கமும் தொடுத்த வழக்கில், 2015 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊரின் பக்கம் தீர்ப்பளித்தது. வேறு பயன் எதுவும் இல்லாவிட்டாலும், பொதுமக்களுக்குப் பாதுகாப்புணர்வைத் தருவதே ஒரு பெரும் பயன்தான் என்பது அத்தீர்ப்பின் வாதங்களுள் ஒன்று. உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்ததால் தடை நிலைத்தது.

ஏழாண்டுகளுக்குப் பின் அந்தப் பாதுகாப்புணர்வுதான் முதலில் உடைந்தது. கொலையாளி பயன்படுத்திய துப்பாக்கி இலினொய் மாநிலத்திலேயே சட்டப்படி வாங்கப்பட்டது. ஊர் எல்லையில் சோதனைச் சாவடி இல்லை. ஓர் ஊரின் தடை அடுத்த ஊரின் கடையைக் கட்டுப்படுத்தாது. இந்த உண்மையை இரு தரப்பும் இரு விதமாகப் படித்தன. தடை இருந்தும் கொலை நடந்தது, ஆகவே தடையால் பயனில்லை. சட்டத்தை மதிப்பவரே இதனால் துன்புறுவர் என்றனர் துப்பாக்கி உரிமை ஆதரவாளர்கள். தடை ஊரளவில் நின்றதே குறை, அதை மாநிலம் முழுவதற்கும் விரிக்க வேண்டும் என்றனர் கட்டுப்பாடு கோரியோர்.

மாநிலச் சட்டமும் எதிர்ப்பும்

இரண்டாம் தரப்பின் கோரிக்கை இலினொய் சட்டமன்றத்தில் வென்றது. 2023 சனவரி 10 அன்று ஆளுநர் ஜே. பி. பிரிட்சுகர் கையெழுத்திட்ட சட்டம், தாக்குதல் வகைத் துப்பாக்கிகளின் விற்பனையைத் தடை செய்தது. நீள் துப்பாக்கிக்கு 10 தோட்டா, கைத்துப்பாக்கிக்கு 15 தோட்டா என மேகசின்களுக்கு வரம்பும் விதித்தது. ஏற்கெனவே இவ்வகைத் துப்பாக்கி வைத்திருப்போர் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்றது. சூடு நடந்து ஏறத்தாழ ஆறு மாதங்களில் இச்சட்டம் வந்தது.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. குறிப்பாக மாநிலத்தின் ஊர்ப்புறங்களில், இச்சட்டத்தை நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று பல மாவட்டச் செரீப்புகள் வெளிப்படையாக அறிவித்தனர். 2023 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் 4–3 என்ற கணக்கில் சட்டத்தை உறுதி செய்தது. 2024 நவம்பரில் நடுவண் மாவட்ட நீதிபதி ஒருவர் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்ததால், மேல்முறையீட்டுக் காலத்திலும் சட்டம் நடைமுறையில் தொடர்ந்தது.

குடும்பத்தின் பொறுப்பு

விசாரணையில் மற்றொரு செய்தியும் வெளிவந்தது. 2019 இல் கொலையாளி தன் வீட்டாரைக் கொல்வதாக மிரட்டியதாகக் காவல்துறைக்குத் தகவல் வந்தது. காவலர்கள் சென்று 16 கத்திகள், ஒரு குறுவாள், ஒரு வாள் ஆகியவற்றை எடுத்துச் சென்றனர். சில மாதங்களுக்குள் அவனுடைய தந்தை, மகன் துப்பாக்கி உரிம அட்டை பெறுவதற்கான விண்ணப்பத்தில் ஒப்புதல் கையெழுத்திட்டார். 21 வயது நிறையாதவருக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் தேவை என்பது இலினொய் விதி. ஆபத்தானவர்களிடமிருந்து நீதிமன்ற ஆணை வழியாகத் துப்பாக்கியை விலக்கி வைக்கும் சட்டமும் மாநிலத்தில் அப்போதே இருந்தது. யாரும் அதைப் பயன்படுத்தவில்லை.

தந்தைக்கும் பொறுப்பு உண்டு என்ற மக்களின் எண்ணத்தை அரசு வழக்கறிஞர் அலுவலகமும் ஏற்றது. 2023 நவம்பரில் அவர் கவனமின்மை தொடர்பான ஏழு சிறு குற்றங்களை ஒப்புக்கொண்டு 60 நாள் சிறைத் தண்டனை பெற்றார். தண்டனைக் காலம் சிறிதாயினும், துப்பாக்கி பெற உதவிய பெற்றோரையும் சட்டத்தின் முன் நிறுத்தலாம் என்பதை இவ்வழக்கு காட்டியது. மகன் 2025 மார்ச் மாதம் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஏப்ரல் 24 அன்று அவனுக்குப் பரோல் இல்லாத ஏழு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன.

பால்டிமோர் தெரு விருந்து, 2023

ஹைலண்ட் பார்க் நிகழ்வுக்கு ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், 2023 சூலை 2 அன்று நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில், பால்டிமோர் நகரின் தென்பகுதியில் உள்ள புரூக்ளின் ஹோம்ஸ் என்னும் அரசு வீட்டுக் குடியிருப்பில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆண்டுதோறும் அக்குடியிருப்பினர் கொண்டாடும் 'புரூக்ளின் நாள்' விழாவின் இறுதிப் பகுதி அது. நூற்றுக்கணக்கானோர் கூடியிருந்தனர். இருவர் இறந்தனர், 28 பேர் காயமடைந்தனர். சுடப்பட்டவர்களில் பதின்ம வயதினர் பலர்.

இங்கு மக்களின் கேள்வி சட்டத்தைப் பற்றியதைவிடக் கவனிப்பைப் பற்றியதாக இருந்தது. அவ்வளவு பெரிய கூட்டம் மாலை முதலே திரண்டிருந்தபோது காவல்துறை ஏன் அங்கு இல்லை என்று குடியிருப்பினர் கேட்டனர். நகர நிர்வாகம் ஆகஸ்ட் இறுதியில் வெளியிட்ட ஆய்வறிக்கையே அக்கேள்வி சரியானது என்பதைக் காட்டியது. கூட்டம் பெருகுவது தெரிந்தும் காவல்துறை உரிய நடவடிக்கை எடுக்கவில்லை என்றும், சில காவலர்களிடம் அக்கறையின்மை காணப்பட்டது என்றும் அறிக்கை குறிப்பிட்டது. பூசல்களைப் பேசித் தீர்க்க நகரம் அமர்த்தியிருந்த 'சேஃப் ஸ்ட்ரீட்ஸ்' திட்டப் பணியாளர்கள் அன்று சில சச்சரவுகளைத் தணித்திருந்தனர்; ஆனால் சூடு நடந்த வேளையில் அவர்கள் அங்கு இல்லை.

ஹைலண்ட் பார்க் வசதி படைத்த ஊர். புரூக்ளின் ஹோம்ஸ் ஏழைகளின் குடியிருப்பு. முன்னதற்குத் துணைக் குடியரசுத் தலைவர் வந்தார், ஆறு மாதத்தில் மாநிலச் சட்டம் பிறந்தது. பின்னதற்கு ஓர் ஆய்வறிக்கையும் காவல்துறைச் சீர்திருத்தப் பரிந்துரைகளும் கிடைத்தன. இரண்டு இடங்களிலும் நடந்தவை வேறு வகைக் குற்றங்கள் என்பது உண்மையே. ஆயினும் எந்த ஊரின் விழாவுக்குக் காவல் கிடைக்கிறது, எந்த ஊரின் துயரம் நாட்டின் துயரமாகிறது என்ற கேள்வியை இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் தவிர்க்க இயலாது.

கான்சஸ் சிட்டி வெற்றி விழா, 2024

கான்சஸ் என்ற பெயரில் ஒரு மாநிலம் இருந்தாலும், இங்கு குறிப்பிடப்படும் கான்சஸ் சிட்டி மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த பெருநகரம். அந்நகரின் 'சீஃப்ஸ்' அணி 2024 பிப்ரவரி 11 அன்று அமெரிக்கக் கால்பந்தின் 'சூப்பர் பவுல்' இறுதிப் போட்டியில் வென்றது. பிப்ரவரி 14 அன்று நடந்த வெற்றி அணிவகுப்புக்குப் பத்து இலட்சம் பேர் வரை வருவர் என எதிர்பார்க்கப்பட்டது. 800 க்கும் மேற்பட்ட காவலர்கள் பணியில் இருந்தனர். மாநில ஆளுநரும் நகர மேயரும் கூட்டத்திலேயே இருந்தனர்.

யூனியன் ஸ்டேஷன் தொடர்வண்டி நிலையத்தின் முன் விழா முடிந்து கூட்டம் கலையும்போது துப்பாக்கிகள் வெடித்தன. ஒருவர் இறந்தார், இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 16 வயதுக்குட்பட்டவர்கள். இறந்தவர் சமூக வானொலி ஒன்றில் நிகழ்ச்சி நடத்தி வந்த பெண். இது திட்டமிட்ட தாக்குதல் அன்று. ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்ததில் தொடங்கிய வாய்ச் சண்டையில், இருபுறமும் துப்பாக்கி இருந்ததால் விளைந்தது என்று காவல்துறையும் அரசு வழக்கறிஞரும் தெரிவித்தனர். தப்பி ஓடியதாகக் கருதப்பட்ட ஒருவரைப் பார்வையாளர்களே பாய்ந்து பிடித்துக் கீழே தள்ளிய காட்சி பரவலாகப் பேசப்பட்டது.

நன்கொடை இங்கும் பெருகியது. பாடகி டெய்லர் சுவிஃப்ட் இறந்தவரின் குடும்பத்துக்கு 1,00,000 டாலர் வழங்கினார். சீஃப்ஸ் அணி தொண்டு அமைப்பு ஒன்றுடன் சேர்ந்து பாதிக்கப்பட்டோருக்கான நிதியைத் தொடங்கியது. ஆனால் சட்டம் என்று வந்தபோது நகரத்தின் கை கட்டப்பட்டிருந்தது. மிசூரியில் உள்ளாட்சிகள் மாநிலச் சட்டத்தை மீறித் தாமாகத் துப்பாக்கிக் கட்டுப்பாடு விதிக்க முடியாது. நகரக் காவல்துறையை நடத்தும் குழுவிலும் ஐவரில் நால்வரை ஆளுநரே நியமிக்கிறார்; ஐந்தாமவர் மட்டுமே மேயர்.

மாநிலம் செல்லும் திசையோ நேர்மாறானது. கைத்துப்பாக்கி வாங்க அனுமதி பெறும் முறையை மிசூரி 2007 இல் நீக்கியது. 2017 சனவரி முதல் உரிமம் இன்றியே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதித்தது. 2021 இல் நடுவண் துப்பாக்கிச் சட்டங்கள் சிலவற்றை மாநிலத்தில் செல்லாதவையாக அறிவிக்கும் சட்டத்தையும் இயற்றியது. அதை நடுவண் நீதிமன்றங்கள் பின்னர் தள்ளுபடி செய்தன. பெரியவர் துணையின்றிச் சிறுவர்கள் பொது இடத்தில் துப்பாக்கியோடு நடமாடுவதைத் தடுக்கும் முன்மொழிவைக் கூட, விழாவுக்கு ஓராண்டு முன்பு மாநிலக் கீழவை 104–39 என்ற வாக்குகளில் நிராகரித்திருந்தது. எனவே மேயர் குவின்டன் லூகாசும் நகர மக்களும் எழுப்பிய கோரிக்கைகள் மாநிலத் தலைநகரில் பெரிய மாற்றம் எதையும் கொண்டுவரவில்லை.

வானத்தை நோக்கிச் சுடுவதற்குத் தடை

அதே ஆண்டு மிசூரியில் வேறொரு துப்பாக்கிச் சட்டம் நிறைவேறியது என்பதும் குறிப்பிடத்தக்கது. 2011 விடுதலை நாள் இரவில், கொண்டாட்டத்துக்காக யாரோ சுட்ட தோட்டா பாய்ந்து கான்சஸ் சிட்டியில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். நகர எல்லைக்குள் இவ்வாறு பொறுப்பின்றிச் சுடுவதைக் குற்றமாக்க வேண்டும் என்று அவளுடைய தாய் பத்தாண்டுகளுக்கு மேல் போராடினார். 2023 இல் வேறு பிரிவுகளோடு சேர்ந்து வந்த மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2024 சூலையில் அச்சட்டம் கையெழுத்தாகி, ஆகஸ்ட் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. அது அச்சிறுமியின் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

துப்பாக்கி உரிமையில் உறுதியாக நிற்கும் மாநிலத்திலும் இச்சட்டம் நிறைவேற முடிந்ததற்குக் காரணம், இது துப்பாக்கி வைத்திருப்பதைத் தொடாமல், அதைப் பயன்படுத்தும் ஒரு முறையை மட்டும் தடுத்ததே ஆகும். இந்தியாவிலும் திருமணம் முதலிய கொண்டாட்டங்களில் பிறர் உயிருக்கு ஆபத்து விளையுமாறு துப்பாக்கி சுடுவது, 2019 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத் திருத்தத்தால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றமாக்கப்பட்டுள்ளது.

மீண்டும் கொண்டாடுவதா?

சட்ட விவாதங்களுக்கு இணையாக, ஒவ்வோர் ஊரும் மற்றொரு கேள்வியையும் எதிர்கொண்டது. அடுத்த ஆண்டு விழா நடத்தலாமா, கூடாதா?

கில்ராய் பூண்டுத் திருவிழா பெருந்தொற்றால் 2020 இல் நின்றது. 2021 இல் மக்கள் வாகனத்தில் அமர்ந்தபடியே உணவு பெற்றுச் செல்லும் வடிவில் நடந்தது. 2022 இல் காலவரையின்றி நிறுத்தப்படுவதாக அமைப்பாளர்கள் அறிவித்தனர். பெருந்தொற்று நிலவரத்தோடு, பெருகிவிட்ட காப்பீட்டுச் செலவும் அவர்கள் கூறிய காரணம். 2025 சூலையில், வேறு இடத்தில், வரையறுக்கப்பட்ட நுழைவுச் சீட்டுகளோடு, சிறிய அளவில் விழா திரும்பியது.

ஹைலண்ட் பார்க் 2023 விடுதலை நாளில் அணிவகுப்பு நடத்தவில்லை. முந்தைய ஆண்டு அணிவகுப்பு சென்ற வழியே மக்கள் சேர்ந்து அமைதியாக நடந்தனர். வெடியோசை பலருக்குப் பழைய காட்சியை நினைவூட்டும் என்பதால், வாணவேடிக்கைக்குப் பதிலாக ட்ரோன் விளக்குக் காட்சி நடந்தது. 2024 இல் வேறு வழித்தடத்தில் அணிவகுப்பு திரும்பியது. அதே காலையில் இறந்தோருக்கு அஞ்சலி செலுத்தும் நிகழ்ச்சியும் இடம்பெற்றது.

கான்சஸ் சிட்டி காத்திருக்கவில்லை. சூடு நடந்த ஒரு மாதத்தில், மார்ச் 17 அன்று, புனித பேட்ரிக் நாள் அணிவகுப்பைக் கூடுதல் பாதுகாப்போடு நடத்தியது.

மதிப்பீடு

நான்கு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது, மக்களின் எதிர்வினை எவ்வளவு வலியதாயினும், சட்டம் செய்யும் அதிகாரம் எங்கே உள்ளதோ அந்த எல்லை வரையே அது செல்ல முடிந்தது. கில்ராயில் மாநிலச் சட்டம் மாநில எல்லையோடும், ஹைலண்ட் பார்க்கில் ஊரின் தடை ஊர் எல்லையோடும் நின்றன. கான்சஸ் சிட்டிக்கு அந்த அளவு அதிகாரமும் இல்லை. இலினொயில் மட்டும் ஊரின் கோரிக்கையும் மாநில அரசின் விருப்பமும் ஒரே திசையில் இருந்ததால் சட்டம் பிறந்தது.

இரண்டாவது, பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கு வரம்பு உண்டு. கில்ராயில் வாயில் சோதனையும் விரைந்து செயல்பட்ட காவலர்களும் இருந்தனர். கான்சஸ் சிட்டியில் 800 காவலர்கள் இருந்தனர். அவர்களால் உயிரிழப்பைக் குறைக்க முடிந்திருக்கலாம். முதல் தோட்டாவைத் தடுக்க முடியவில்லை. அதே வேளையில், காவலே இல்லாமல் விடப்பட்ட புரூக்ளின் ஹோம்ஸ், ஏற்பாடுகளைக் கைவிடுவதன் விலையையும் காட்டியது.

மூன்றாவது, துப்பாக்கி பற்றிய கருத்தில் பிரிந்து நின்றவர்களும் விழாவைக் கைவிடக் கூடாது என்பதில் பெரும்பாலும் ஒன்றுபட்டனர். தெருவில் அச்சமின்றிக் கூடுவதும் ஓர் உரிமையே. அவ்வுரிமையை எப்படிக் காப்பது என்பதில் அமெரிக்கர் இன்னும் உடன்படவில்லை. அதை விட்டுக்கொடுக்க மட்டும் இந்த ஊர்கள் முன்வரவில்லை. வழியை மாற்றியும், அளவைக் குறைத்தும், வெடியை விட்டு விளக்கை ஏற்றியும் அவை மீண்டும் கூடின.